ஓடும் நாளில் எடுக்கக் கூடாத முடிவுகள்



நெடுந்தூர ஓட்டத்தில் பந்தய நாளன்று நேரும் பிழைகளைப் பற்றி ஆராயக் கூடியிருக்கிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பே முடிவு செய்திருக்க வேண்டியவற்றை, நெஞ்சு படபடக்க ஓடிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்யப் பார்க்கிறோம். பந்தய நாள் பிழைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

இதைச் சொல்லத் திருநின்றவூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கையில் பொருளில்லாத சிவனடியார் பூசலார் இங்கே மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். நல்ல நாள் பார்த்து, அடித்தளமிட்டு, விமானம் உயர்த்தி, சிகரம் வைத்து, கிணறு தோண்டி, குளம் எடுத்து, மதில் சூழ அவர் கட்டி முடித்ததைச் சேக்கிழார் வரிசையாகச் சொல்கிறார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனே அந்தக் கோயிலைத் தேடி இவ்வூருக்கு வந்தான். பயிற்சியாளரின் கண்ணோடு இதைப் படிக்கும்போது என்னை வியக்க வைப்பது அந்த ஒழுங்கு. மனக்கோயில்தானே என்று அவர் கிணற்றை விட்டுவிடவில்லை. நம் ஓட்டக்காரர்களில் எத்தனை பேர் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையும் மனத்தில் ஒருமுறை முழுதாக ஓடிப் பார்த்துவிட்டு வருகிறார்கள்? எந்த இடத்தில் தண்ணீர், எந்த இடத்தில் ஆற்றல் தரும் ஜெல், கால் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, எந்த அறிகுறி கண்டால் ஓட்டத்தை நிறுத்திவிடுவது என்பதெல்லாம் அதில் அடங்கும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான் 32 டிகிரி வெயிலில், புழுதிச் சாலையில் நடந்தது. வழியில் தண்ணீர் கிடைத்த இடங்கள் ஒன்றிரண்டே. ஓடத் தொடங்கிய 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். நூறாண்டுகள் கழித்தும் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் ஓ.பி. ஜெய்ஷா 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில் எல்லைக்கோட்டைத் தாண்டி, மயங்கி விழுந்தார். முந்தைய ஆண்டு பெய்ஜிங் உலகப் போட்டியில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2:34:43. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட மேசைகளில் பானம் தர ஆளில்லை என்றார் அவர். தனிப் பானம் வேண்டாம் என்று அவர் தரப்பே சொல்லிவிட்டதாகத் தடகளச் சம்மேளனம் மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எந்த இடத்தில், யார் கையால், என்ன பானம் என்று முன்கூட்டியே எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டிருந்தால் அந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது.

இனி மறுபக்கம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டது. அதாவது, வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களிடம். அதே பந்தயத்தில் ஓர் இளம்பெண் இந்தக் குறைபாட்டால் உயிரிழந்தார். ஆகவே "நிறையக் குடி" என்ற அறிவுரையும் ஆபத்தானதே. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அவரவர் அளவு அவரவர்க்கு. நம் கடலோர ஈரக்காற்றில் வியர்வை எளிதில் காய்வதில்லை, உடலும் குளிர்வதில்லை. குளிர்நாட்டு அட்டவணையை அப்படியே எடுத்து ஆவடியிலோ எண்ணூரிலோ ஓடுகிறவரிடம் கொடுப்பது அறிவியலாகாது.

விடியற்காலைக் குளிர்ச்சியில் முதல் ஐந்து கிலோமீட்டரைப் பறந்து முடிப்பது, புதுக் காலணி போட்டு வருவது, பழகாத ஜெல்லைப் பக்கத்து ஓட்டக்காரரிடம் வாங்கிச் சாப்பிடுவது, இவையெல்லாம் நீங்கள் அறிந்த பிழைகளே. வலிநிவாரணி மாத்திரையை முன்கூட்டியே விழுங்கிவிட்டு ஓடுவதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அம்பத்தூரிலும் வேலை செய்கிறவர் சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, கண் எரிச்சலோடு ஞாயிறு பந்தயத்துக்கு வந்து நிற்கிறார். தூக்கமின்மையை எந்தப் பானமும் ஈடுகட்டாது. அவருக்குத் தேவை ஒருநாள் ஷிப்ட் மாற்றம். அதை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசி வாங்கும் துணிவு. காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். தூரம் குறைவுதான், ஆனால் வெறும் வயிற்றோடு கிளம்பி, வரிசையில் வெகுநேரம் காத்திருந்து ஓடும் அந்த ஓட்டத்தில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே தொங்குகிறது. பந்தய நாள் அறிவு யாரையும்விட அவர்களுக்கே அவசரமாகத் தேவை. அது தமிழில் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

அமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வெப்பத் தாக்கில் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, ஓடுகிறவர் பிதற்றத் தொடங்கினால், ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன் அவரைக் குளிர்விக்க வேண்டும். அமெரிக்காவின் பால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் இப்படிப் பாதிக்கப்பட்ட 274 பேரையும் குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. தொட்டி இல்லையென்றால் ஒரு தார்ப்பாயும், ஐஸ் கட்டி போட்ட தண்ணீரும், தார்ப்பாயின் நான்கு மூலையையும் தூக்கிப் பிடிக்க நான்கு பேரும் போதும். மேடைக்கும் பதக்கத்துக்கும் செலவழிப்பவர்களால் இது முடியாததல்ல.

இங்கே கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு கட்டுரையிலும் ஓடிய நேரத்தின் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் குறித்துச் சொல்லுங்கள். சென்னை, திருவள்ளூர் வட்டாரத்துக்கென ஓர் அளவீட்டு ஏட்டை அதிலிருந்து தொடங்குவோம். முதல் அமர்வு வெப்ப நோய்களைப் பற்றியது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.