தோட்டத்துக் குட்டியானை



மாட்டு வண்டி கட்டிச் சந்தைக்குக் காய் கொண்டுபோன காலம் போய், இன்று பல தோட்டங்களில் களத்து ஓரமாக ஒரு குட்டியானை நிற்கிறது. 2005-ஆம் ஆண்டு டாட்டா கம்பெனி ஏஸ் என்ற பெயரில் விட்ட சிறிய நாலு சக்கர வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த பேர் அது. வடக்கே சோட்டா ஹாத்தி என்கிறார்கள், அர்த்தம் ஒன்றுதான். முதலில் வந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைசக்தி, முக்கால் டன் பாரம். பிற்பாடு இதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகள் வந்துவிட்டன. ஆனாலும் நாலைந்து ஏக்கர்க்காரருக்கு, வேலிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நுழைந்து திரும்ப இதுதான் தோது.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி, முருங்கை போடுகிறவன். பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். வாங்கின மறு வாரமே பட்டறைக்கு ஓட்டிப்போய், பின்பக்கம் இரண்டு பக்கமும் கூடுதல் வில்பட்டை போட்டேன். எல்லாரும் போடறாங்க, நாமும் போடுவோம் என்ற எண்ணம்தான். அதன் பிறகு 70 பெட்டி ஏற்றினாலும் வண்டி தாழவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 கிலோ தக்காளிப் பெட்டி, பெட்டி எடையோடு 16 கிலோ என்று வைத்தால், 45 பெட்டிக்கே 720 கிலோ ஆகிறது. 70 பெட்டி என்றால் 1,120 கிலோ! பட்டை கூடினதால் தாங்கும் சக்தி பின்பக்கத்துக்கு வந்ததே தவிர, பிரேக்கும் டயரும் அச்சும் பழைய அளவுதானே? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் பாச்சலூர் மலையிலிருந்து வாடகைக்குச் சவ்சவ் மூட்டை ஏற்றி இறங்கினேன். மூட்டை மேலே நாலு ஆட்கள். பாதி வழியில் கருகின வாடை வந்தது. மிதித்தால் பிரேக் மிதி தரைவரை போகிறது. கியரைக் குறைத்து, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். ஒருவருக்குக் கை முறிந்தது. இன்னொரு பக்கம் சாய்ந்திருந்தால் ஐந்து குடும்பம் போயிருக்கும்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சரக்கு வண்டியில் சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ கூடப் போகலாம். சும்மா ஏறி வருகிறவர்களுக்கு அந்தப் பாலிசியில் பாதுகாப்பு இல்லை. செலவு முழுதும் என் தலையில். கோயில் திருவிழாவுக்கு ஊரையே ஏற்றிப்போகிறோமே, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டேன். ஒரு லாபமும் கண்டேன். வெறும் வண்டியும் அரைப் பாரமும் முன்பு தூக்கித் தூக்கிப் போடும், அடியிலிருந்த தக்காளி நசுங்கும். இப்போது அது இல்லை.

அப்படியானால் வண்டியில் எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம். தொட்டித் தரையில் ரப்பர் விரிப்பு, பக்கங்களில் கயிறு கட்டக் கொக்கி, மழைக்குத் தார்ப்பாய், அவ்வளவும் உபயோகமானவை. உரமூட்டை ஏற்றின அன்றே விரிப்பைத் தூக்கித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். யூரியா கசிந்து ஈரத்தோடு கிடந்தால் தகடு அரித்துப் போகும். என் வண்டியில் ஒரு மூலை அப்படித்தான் போச்சு. கனமான மூட்டை முன்னால், கேபினை ஒட்டி. பின் அச்சுக்குப் பின்னால் பாரம் சேர்ந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. ஆனால் தொட்டியை நீட்டுவது, உயர்த்துவது போன்ற வேலை வேண்டாம். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்தில் அபராதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஒரு சந்தை நாள் வருமானம் அதற்குக் காணுமா?

உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும் என்று தரகரிடம் கேட்க வேண்டாம். ஆர்.சி.யில் வெறும் வண்டி எடையும், பாரத்தோடு மொத்த எடையும் இருக்கும். கழித்துப் பாருங்கள், ஓட்டுகிறவர் எடையும் அதற்குள் அடக்கம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. எஃப்.சி. மட்டும் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருஷா வருஷம். கார் ஓட்டும் லைசென்ஸே போதும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2024-இல் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது.

மலை இறங்கும்போது, அதே மேட்டை எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்க வேண்டாம்.