முகில் மறைத்த திருவாதிரை



மேகமலையின் மேற்கே அமைந்தது நம் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரியாற்று அணையின் நீரால் ஈண்டு இருபோகம் விளையும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் முகில் விண்மீன்களை மூடும். எனினும் உழவர் நாற்று நடுதலை நிறுத்தார். மார்கழியில் வானம் தெளிந்தபின், மாலையில் மேகமலை முகட்டின்மேல் செந்நிறத் திருவாதிரை எழும். கூத்தப்பெருமானுக்குரிய நாண்மீன் அதுவே.

2019-ஆம் ஆண்டிறுதியில் அம்மீன் பெரிதும் மங்கிற்று. தூசிப்படலம் மறைத்ததே முதற்காரணமென வானநூலார் கண்டனர். 2020-இல் ஒளி மீண்டது. மறைப்பு வேறு, அழிவு வேறு. ஆணவம் மறைத்த உயிர்க்கும் திருவருள் என்றும் உண்டு.

விளக்கணி ஈந்த செல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். மின்னொளியும் விண்மீனுக்கு ஒரு மறைப்பே. மார்கழி இரவுகளில் அர்த்தசாமம் நிறைந்தபின் கோபுர விளக்குகளை அணைத்தருளுக. நம் குழந்தைகள் திருவாதிரையைக் கண்ணாரக் காணட்டும்.

திருச்சிற்றம்பலம்.