அஜந்தா சுவரில் அரக்கு



தாணே ஸ்டேஷனில் புசாவல் பக்கம் போகும் ரயிலைப் பார்த்திருப்பீர்கள். அதில் போனால் ஜல்காவ் வரும். அங்கே இறங்கி பஸ்ஸில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் அஜந்தா குகைகள்.

மலையைக் குடைந்து செய்த சுமார் 30 குகைகள் அவை. புத்த பிக்குகள் தங்கவும் வழிபடவும் வெட்டியவை. சில குகைகளுக்கு 2000 வயதுக்கு மேல். மற்றவற்றுக்குச் சுமார் 1500 வயது. சுவரெல்லாம் ஓவியம். அரசன், அரசி, யானை, கப்பல் என்று எத்தனையோ உண்டு. புத்தரின் முற்பிறவிக் கதைகளும் உண்டு. எழுத்துத் தெரியாதவரும் கதையைப் படித்துவிடலாம்.

இந்த ஓவியம் கல்லின் மேல் நேராக வரைந்தது அல்ல. மண்ணோடு உமியும் புல்லும் கலந்து பாறைமேல் பூசினார்கள். கிராமத்தில் உங்கள் பாட்டி மண்சுவர் பூசினாரே, ஏறக்குறைய அது போலத்தான். அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அதன்மேல் பசை கலந்த வண்ணம். ஆகவே மழை ஈரம் ஆகாது. மண்ணில் கலந்த உமியையும் புல்லையும் பூச்சி தின்னும். வௌவால் எச்சமும் கெடுக்கும். பூச்சு பாறையை விட்டுப் பெயர்ந்து விழும்.

1819-ல் ஜான் ஸ்மித் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி வேட்டைக்கு வந்தார். காட்டுக்குள் மறைந்திருந்த குகையைக் கண்டார். பத்தாம் குகை ஓவியத்தின் மேலேயே தம் பெயரைக் கீறிவிட்டுப் போனார்!

அஜந்தா அப்போது ஹைதராபாத் நிஜாமின் ராஜ்ஜியத்தில் இருந்தது. 1920-ல் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்தது. அவர்கள் நல்ல வேலை செய்தார்கள். விழ இருந்த பூச்சைப் பிடித்து நிறுத்தினார்கள். கூடவே ஓவியத்தின் மேல் அரக்குப் பூச்சும் கொடுத்தார்கள். மர பீரோவுக்கு ஆசாரி போடும் பாலிஷ் இருக்கிறதே, அதே அரக்குதான். படம் பளபளவென்று தெரிந்தது.

ஆண்டுகள் போயின. அரக்கு மஞ்சளாகியது. பிறகு கறுத்தது. தூசியும் புகையும் அதில் ஒட்டின. வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. நீலம் பச்சையாகத் தெரிந்தது. பழைய ஓவியரின் வண்ணமே மங்கிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். கெடுதல் நினைத்து யாரும் பூசவில்லை. காப்பாற்றத்தான் பூசினார்கள்.

பின்னர் இந்தியத் தொல்லியல் துறை பொறுப்பேற்றது. அதன் ரசாயன நிபுணர்கள் அரக்கை எடுக்கிறார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது. வண்ணமே கரைந்து வந்துவிடும். முதலில் ஒரு மூலையில் சோதனை. அரக்கைக் கரைக்கும், வண்ணத்தைத் தொடாத திரவம் எது என்று பார்க்க வேண்டும். பிறகு பஞ்சில் தொட்டு, அங்குலம் அங்குலமாகத் துடைக்க வேண்டும். பூச்சு உப்பிய இடத்தில் டாக்டர் போடுவது போல ஊசியால் பசை செலுத்த வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சரிப்படாது.

"நல்ல ஓவியரை வைத்து உதிர்ந்த முகத்தை வரைந்துவிடக் கூடாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. வரையலாம். ஆனால் அது அந்த ஓவியரின் முகம். 1500 ஆண்டு முகம் ஆகாது. அதனால் வெறும் இடத்தை அடங்கிய நிறத்தில் பூசி விட்டுவிடுகிறார்கள். இன்று போடும் பசையையும் நாளை ஒருவர் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது ஓவியம் கெடாமல் அது வர வேண்டும். இதையும் யோசித்தே பசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பார்க்கப் போகிறவர்களின் மூச்சுக்காற்றிலும் ஈரம் உண்டு. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க அங்கே அனுமதி இல்லை.

ஜான் ஸ்மித் கீறிய பெயர் இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் இன்று அப்படிக் கீறினால், 2010-ல் திருத்திய சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.