கோழிக்கூண்டும் வலை அடைப்பும்



லயத்து வீடுகளின் பின்புறத்தில் கோழி வளர்ப்பது நமக்குப் புதிதன்று. ஆயினும், பால்மரம் வெட்டும் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்டதோர் இடர்ப்பாடு உண்டு. பொழுது விடியுமுன் நாம் பெரட்டுக்குச் சென்றாக வேண்டும். அவ்வேளையில் கூண்டைத் திறந்துவிட்டால், இரவெல்லாம் இரை தேடிய மூசாங் இன்னும் புதருக்குத் திரும்பியிராது. திறவாமற் சென்றாலோ, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நாம் வீடு திரும்பும் வரை கோழிகள் வெக்கையில் அடைபட்டுக் கிடக்கும்.

என் வீட்டில் நடந்ததும் அதுவே. தகரக் கூரையின் கீழ்க் கோழிகள் வாய் பிளந்து இளைப்பதைக் காணப் பொறாமல், மறுநாள் முதல் இருட்டிலேயே திறந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் 11 கோழிகளில் 4 மட்டுமே எஞ்சின. முட்டை விற்ற காசைப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென்று என் மனைவி ஒரு பால்மாவு டின்னில் சேர்த்து வந்தார். அதன்பின் நெடுநாள் அந்த டின்னை அவர் என் எதிரில் எடுக்கவேயில்லை.

கூண்டின் வாயிலோடு இணைத்து வலை அடைப்பு ஒன்று கட்டிய பின்னரே இத்தொல்லை தீர்ந்தது. கூண்டின் சிறுகதவைத் திறந்துவிட்டு நாம் வேலைக்குப் போகலாம். வெளிச்சம் கண்டதும் கோழிகள் தாமே இறங்கி உலவும். கோழி ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி எனக் கொண்டால், 12 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள அடைப்பு 6 கோழிகளுக்குப் போதும். உயரம் 6 அடி இருக்கட்டும்; குனிந்து பெருக்க வேண்டிய இடத்தை எவரும் நாள்தோறும் பெருக்குவதில்லை. நிலம் தோட்டத்துக்கு உரியதாகையால் நிர்வாகத்திடம் முன்னரே சொல்லி அனுமதி பெறுங்கள்.

மறுநடவுக்காகச் சாய்த்த ரப்பர் மரங்கள் அருகில் கிடக்கின்றனவே என்று அவற்றைத் தூணாக நட வேண்டா. பதப்படுத்தாத ரப்பர்க் கட்டையை வண்டும் கறையானும் விரைவில் அரித்துவிடும். பழைய இரும்புக் குழாய் நெடுநாள் நிற்கும்.

அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. நாய் அதைக் கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையையே வாங்குங்கள். பணம் போதாவிட்டால் அடைப்பைச் சிறிதாக்குங்கள், வலையை மெலிதாக்காதீர்கள். மூலைகளிலும் கதவோரத்திலும் சந்து விடலாகாது. மலைப்பாம்பு ஒடுங்கிய சந்திலும் நுழைந்துவிடும். கோழியை விழுங்கியபின் வயிறு பருத்து, வெளியேற இயலாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். அதைக் கண்டால் கைவைக்காமல் பொதுத் தற்காப்புப் படையினருக்குத் தெரிவியுங்கள்.

பலரும் கோட்டை விடுவது அடிப்பக்கத்தில்தான். உடும்பு பட்டப்பகலில் வந்து மண்ணைப் பறிக்கும், நாயும் அவ்வாறே. வலையை ஓரடி ஆழம் புதைக்கலாம். வேரும் கல்லும் நிறைந்த மண்ணாயின், 2 அடி அகல வலையை வேலியின் அடியிலிருந்து வெளிப்புறமாகத் தரையில் விரித்து, வேலியோடு கம்பியால் தைத்து, மேலே கல்லும் மண்ணும் இட்டு மூடுங்கள். தோண்டவரும் விலங்கு வேலியின் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே அதன் நகம் கம்பியில் தட்டும். சற்றுப் பின்வாங்கித் தோண்டும் அறிவு பெரும்பாலும் அதற்கு வருவதில்லை.

மூசாங் மரமேறி ஆதலால் மேற்புறமும் மூடப்பட வேண்டும். தகரமாயின் மழைக்கும் உதவும். காட்டுப் பறவைகளின் எச்சமும் உள்ளே விழாது. 2004ஆம் ஆண்டு கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டதை மறக்கலாகாது. ஆனால் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசிக்கு எந்த அடைப்பும் ஈடாகாது. அதற்குக் கால்நடைச் சேவைத் துறையினரை அணுகுங்கள்.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. குரங்கு அதை எளிதில் கழற்றும். தாழ்ப்பாளோடு ஒரு பூட்டும் இடுங்கள். அந்தி சாய்ந்ததும் கோழிகளை எண்ணிப் பார்த்துச் சிறுகதவையும் அடைத்துவிடுங்கள்.

தரை சேறாகாதிருக்க, இலையுதிர் காலத்தில் கொட்டும் ரப்பர்ச் சருகை உலர்த்திப் பரப்பலாம். நனைந்தால் அள்ளிவிட்டுப் புதிது இடுங்கள். களைக்கொல்லி தெளித்த நிரைகளிலிருந்து மட்டும் சருகு அள்ள வேண்டா. பாராகுவாட் மருந்து 2020ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டிருப்பினும், வேறு மருந்துகள் தெளிக்கப்பட்டு வருகின்றன. எந்த நிரையில் எப்போது தெளித்தார்கள் என்பதைத் தண்டலிடம் கேட்டுக்கொண்டே அள்ளுங்கள்.