பாம்புக்கு வேண்டிய சூடு



சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மழை ஓயாது பெய்துகொண்டிருந்த வேளையில், கரவெட்டியில் எமது பாடசாலை மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அகப்பட்ட சாரைக்குட்டியொன்றைப் போத்தலில் இட்டுக் கொணர்ந்தான். மழை விட்டதும் வெளியே விடுவதென எண்ணி அதைக் கண்ணாடித் தொட்டியொன்றில் இட்டோம். கூதலால் அது சுருண்டு ஒடுங்கிக் கிடந்தது. மேலே மின்குமிழொன்றை எரியவிடுமாறு கூறியவன் நானே. மறுநாட் காலை குட்டி இறந்து கிடந்தது. தொட்டியில் எந்த மூலையைத் தொட்டாலும் சுட்டது.

கலை பயின்ற எனக்கு அதன் காரணம் பின்னரே விளங்கிற்று. பாம்பு வெயிலுக்கு வந்து சூடேறும். போதுமென்றதும் நிழலுக்கு நகர்ந்துவிடும். உண்ட இரை செரிப்பதற்கும் அச்சூடு வேண்டும். நான் கொடுத்தது வெயில்; கொடுக்க மறந்தது நிழல்.

இதற்கொரு விதிவிலக்கும் உண்டு. அடைகாக்கும் மலைப்பாம்பு, சுற்றுப்புற வெப்பநிலை 33 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் தன் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி உடலைச் சூடாக்குவதை அமெரிக்க ஆய்வாளர் 1966இல் அளந்து வெளியிட்டனர். தாய்மை அங்கும் தன் வேலையைச் செய்கிறது போலும்!

குளிர்நாடுகளில் மலைப்பாம்பு வளர்ப்போர் கூட்டின் ஒரு பக்கத்தை ஏறத்தாழ 32 பாகையிலும், மறுபக்கத்தை 26 பாகையளவிலும் வைப்பர். அதற்குக் கூட்டின் ஒரு பகுதியில் மட்டும் விரிக்கும் மின்வெப்பப் பாய் உண்டு; பாம்பு தீண்டாதவாறு வலைக்கூடு இட்ட விளக்கும் உண்டு. இரவில் வெளிச்சம் தராமையால் பாயே மேலென்பது என் எண்ணம். எதுவாயினும், குறித்த சூட்டில் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் கருவி இன்றேல் அதனை இணைத்தலாகாது. மின்சாரத்தாற் சூடேறும் கற்களும் விற்பனைக்குண்டு. தோல் வெந்தாலும் பாம்பு அவற்றின்மீதே கிடந்துவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ 27, 28 பாகையை ஒட்டியது. அன்னார் அரும்பாடுபட்டு அமைக்கும் குளிர்ந்த பக்கம், நமது திண்ணையிலேயே இருக்கிறது! நமக்குக் கடினமான காரியம் குளிர்ச்சியைக் காப்பதே. தமிழகத்திலே, மாமல்லபுரத்துக்கு அண்மையில் வடநெம்மேலியில், 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், நஞ்செடுக்கும் பாம்புகளை மண்பானைகளில் மணலிட்டு, வாயைத் துணியாற் கட்டி, கூரை நிழலில் வைத்திருப்பர். சில வாரங்களில் அவற்றைக் காட்டிலே விட்டுவிடுவர். கண்ணாடி சூட்டை அடைத்து வைக்கும். மண்பானை அதனை வெளியே விடும். நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையை நாள்தோறும் தொட்ட எனக்கு இது தோன்றாமற் போயிற்று.

மலைப்பாம்பு நம் நாட்டிற் சட்டத்தாற் காக்கப்பட்ட உயிர். அதை வளர்க்க விரும்புவோர் என் பேச்சைத் துணைக்கழைக்க வேண்டா.

அன்று அம்மாணவன் என்னைக் குறைகூறவில்லை. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனான். இப்போதெல்லாம் மழைக்காலத்திற் பாம்பைக் கண்டேனென்று ஓடிவரும் பிள்ளைகளிடம், அதைத் தொடாதிருக்கச் சொல்கிறேன். மழை விட்டதும் வேலியடியில் வெயில் வந்துவிடும். பக்கத்திலேயே பனையின் நிழலும் இருக்கும்.