அரை மணியில் சைவச் சமையல்: தோட்டத்துப் பாட்டிகள் காட்டிய வழி



"வேலைக்குப் போகும் குடும்பத்தில் தினமும் வீட்டுச் சமையல் சாத்தியமா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், "நேரமே இல்லை, தாப்பாவ்தான் ஒரே வழி" என்று அடித்துச் சொன்னார். அவரை நான் குறை கூறப் போவதில்லை. நானும் அப்படி இருந்தவள்தான். சமையல் அங்கத்தைச் சிரித்த முகத்தோடு அறிமுகம் செய்துவிட்டு, இரவு ஒன்பதரைக்கு ஈப்போவில் மீ கோரேங் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் நான்!

ஆனால், நேரம் என்ற காரணத்தை என் பாட்டியின் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது.

பாட்டி, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். இரப்பர் மரத்தில் வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே இருட்டோடு பெரட்டுக்கு நிற்க வேண்டும். நம் பேராக்கில் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நட்ட இரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். நம் பெண்களின் அடுப்புக்குக் கடிகாரம் வைத்ததும் அந்த மரம்தான்.

நாலு மணிக்கு எழுந்து, பசியாற ஏதாவது செய்து, மதியத்துக்கும் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கும் எடுத்து வைத்துவிட்டு ஐந்தரைக்குள் கிளம்ப வேண்டும். கேஸ் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, விறகு அடுப்பு. எப்படி முடிந்தது?

"காலையில் சமைத்தால்தானே நேரம் பிடிக்கும்? நாங்கள் காலையில் வேகத்தான் வைப்போம்" என்பார் பாட்டி. மற்ற வேலையெல்லாம் முதல் நாள் சாயங்காலமே முடிந்துவிடும். லயத்துக்குப் பின்னால் கீரை பறிப்பது ஒருவர், முருங்கைக்கீரை உருவுவது பிள்ளைகள், தேங்காய் துருவுவது தாத்தா, விறகு அடுக்குவது மாமா. விடியற்காலையில் அடுப்பு எரிந்தது அரை மணிதான். அதற்குப் பின்னால் இருந்தவை எட்டுக் கைகள்.

வீட்டில் சமைப்பதை ஒரு பாக்கியமாக நினைத்த தலைமுறை அது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். 1948 முதல் 1960 வரை அவசர காலம். காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போகக் கூடாதென்று அரிசிக்குப் பங்கீடு வைத்தார்கள். சில இடங்களில் வீட்டில் சோறு பொங்கவே தடை. பொதுச் சமையற்கூடத்தில் வெந்த சோற்றைத்தான் வாங்க வேண்டும். டப்பா உணவைக்கூடக் கடையிலேயே துளை போட்டுக் கொடுத்தார்கள். தன் அடுப்பில் தன் சோறு பொங்குவது ஓர் உரிமை என்று அவர்களுக்குத் தெரியும்.

பிறகு என்ன நடந்தது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீட்டு மனைகளாயின. நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தோம். கேஸ் வந்தது, ஐஸ் பெட்டி வந்தது, மின்சாரச் சோற்றுப் பானையும் வந்தது. இரண்டு மட்டும் போயின. ஒன்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்தி. மற்றொன்று, அந்த எட்டுக் கைகள்.

என் அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அடுப்பு முழுதும் அவர் ஒருவர் தலையில். களைத்துப் போன நாளெல்லாம் பொட்டலம். 49ஆவது வயதில் அவருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்தது. கிளினிக்கில் தாதி, "நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் அம்மா?" என்று கேட்டார். "பிள்ளைகள் வாங்கி வந்ததில் மிச்சம். பதினோரு மணி இருக்கும்" என்றார் அம்மா. பக்கத்தில் நின்ற எனக்குத் தலை நிமிரவில்லை.

2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆறு பேரில் ஒருவர்! நம் இந்தியர்களிடையே அளவு இன்னும் அதிகம். பொட்டலச் சோறு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தட்டில் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது நம் கையில் இருக்க வேண்டுமானால், அடுப்பும் நம் கையில் இருக்க வேண்டும்.

அரை மணிக் கணக்கு

இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். நேயர்கள் குறித்துக் கொள்ளலாம்.

முதலில் சோற்றுப் பானையைத் தட்டிவிடுங்கள். அது வேகும் நேரத்துக்குள் மற்றவை முடிய வேண்டும்.

இரண்டாவது, பருப்பு. துவரம் பருப்பை எடுக்காமல் மைசூர் பருப்பை எடுங்கள். ஊற வைக்கவும் வேண்டாம், குக்கரும் வேண்டாம். ஒரு கப் பருப்புக்கு மூன்று கப் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள். 15 முதல் 20 நிமிடத்தில் குழைந்துவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் முந்தின இரவே உருவி வைத்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, உப்பு. கடுகு, சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

மூன்றாவது, தெம்பே ஒரு கட்டி. மெல்லியதாக நறுக்கி மஞ்சள், மிளகாய்த் தூள், உப்புப் பிரட்டித் தோசைக் கல்லில் கொஞ்சம் எண்ணெயில் இரு புறமும் சிவக்க விடுங்கள். பத்து நிமிடம். இறைச்சி இல்லாத நாளில் புரதச் சத்துக்கு இது நல்ல துணை.

கடைசியாக, நம் ஈப்போவின் குண்டுத் தவ்கே. கடுகு, உளுத்தம் பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, தீயை ஏற்றி, 300 கிராம் தவ்கேயைப் போட்டு மூன்றே நிமிடம் பிரட்டுங்கள். உப்பை இறக்கும்போது போடுங்கள். முன்னாடியே போட்டால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். மேலே ஒரு பிடி தேங்காய்ப்பூ.

இரண்டு எச்சரிக்கை. சைவம் என்றாலே உடம்புக்கு நல்லது என்று நினைத்து விடாதீர்கள். மலை போல் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பொரித்த அப்பளம், இதுவும் சைவம்தான்! நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையை நினைவில் வையுங்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, தெம்பே போன்றவை, பாதித் தட்டு காய்கறியும் பழமும். அடுத்தது, சாக்கூர் மானிஸ் கீரையை நன்றாக வேக வைத்தே உண்ணுங்கள். உடல் இளைக்கும் என்று அதன் பச்சைச் சாற்றைத் தொடர்ந்து குடித்த பலருக்கு, தைவானில் 1990களில் நுரையீரல் கெட்டுப் போனது.

யார் கை?

சமையல் குறிப்பு எல்லாருக்கும் கிடைக்கிறது. கேள்வி அதுவல்ல. கீரையை உருவுவது யார்? வெங்காயம் உரிப்பது யார்? "சீக்கிரம் சமைத்துவிடலாம்" என்று நாம் சொல்லும்போது, "அம்மா, நீங்கள் இன்னும் சீக்கிரம் ஓடுங்கள்" என்று அர்த்தமானால், அந்தச் சமையல் எனக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குப் போவது அப்பா. இரவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கீரை உருவுவது தம்பி. வெங்காயமும் பூண்டும் உரித்து டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டியில் வைப்பது நான். மறுநாள் வீட்டுக்கு யார் முதலில் வருகிறாரோ அவர் அடுப்பைப் பற்ற வைப்பார். வாரத்தில் ஐந்து நாள் இப்படி. மீதி இரண்டு நாள் இன்னும் தாப்பாவ்தான், பொய் சொல்ல மாட்டேன்.

எதிரணி நண்பருக்கு என் பதில் இதுதான். ஒருவருக்கு நேரம் இல்லை, உண்மை. நாலு பேருக்கு இருக்கிறது.

இப்போது அம்மா ஏழரை மணிக்குச் சாப்பிட உட்காருகிறார். முதல் வாரம், "யாராவது ஒருவர் எழுந்து பரிமாற வேண்டாமா?" என்று பாதியில் எழுந்து கொண்டே இருந்தார். "உட்காருங்கள் அம்மா" என்று தம்பி சட்டியை மேசைக்கே கொண்டு வந்து வைத்தான். சூடாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார் அம்மா.