தள்ளிப்போன தேதி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் ஆச்சே, மேடையிலும் அறுத்துவிடுவானோ என்று பயப்படாதீர்கள்!

நான் கொல்லிமலை குண்டனி நாட்டுக்காரன். கீழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை. 2020 தொடக்கத்தில் எங்கள் ஊர் அம்மா ஒருவர் வந்தார். பித்தப்பையில் கல். வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம், ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றேன். "மிளகு பறிச்சு முடிச்சுட்டு வந்துடறேன் தம்பி" என்றார். ஏப்ரலில் தேதி குறித்தோம்.

மார்ச் 20-ஆம் தேதி, அவசியமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும்படி மத்திய அரசு அறிவுறுத்தியது. 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. படுக்கையும் வென்டிலேட்டரும் கொரோனா நோயாளிகளுக்கு வேண்டும் என்பது பொதுவான காரணம். லேப்ராஸ்கோப்பிக்குக் கூடுதலாக ஒரு பயம். இதில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்பித்தான் வேலை செய்கிறோம். அந்த வாயுவும், கருவியில் சுடும்போது எழும் புகையும் வெளியே வரும்போது கிருமியும் வந்துவிட்டால்? யாருக்கும் விடை தெரியாது. பிரிட்டனில் லேப்ராஸ்கோப்பியைப் பெரும்பாலும் தவிர்க்கச் சொன்னார்கள். பிறகு ஃபில்டர் வைத்து, வாயு அழுத்தத்தைக் குறைத்து, மெல்ல மெல்லத் தொடங்கினோம்.

தள்ளிவைத்தது தப்பா? இல்லை. 24 நாடுகளில், அறுவை சிகிச்சையை ஒட்டிக் கொரோனா கண்ட 1,128 பேரை ஆராய்ந்தார்கள். 30 நாளுக்குள் நூற்றுக்கு 24 பேர் இறந்திருந்தார்கள். ஆக, முடிவு சரிதான். ஆனால் முடிவுக்குப் பிறகு நாங்கள் செய்யத் தவறியதுதான் என் மனதை உறுத்துகிறது.

அந்த அம்மாவுக்கு "இப்ப வேண்டாம்" என்று ஒரு போன் போனது. அவ்வளவுதான். மறுபடி யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஜூலையில் ஒரு நாள் இரவு காய்ச்சலும் வலியுமாய் 108 வண்டியில் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். பித்தப்பை சீழ் பிடித்து, சுற்றிலும் ஒட்டிக்கிடந்தது. துளை வழியே ஆரம்பித்து, முடியாமல் வயிற்றைத் திறந்தோம். பிழைத்துக்கொண்டார்.

"ஏம்மா, வலி வந்ததும் சொல்லக்கூடாதா?" என்றேன்.

"அவசரமில்லைன்னுதானே தம்பி தள்ளி வச்சீங்க? அப்ப ஆபரேஷனே தேவையில்லைன்னு நினைச்சேன்" என்றார்.

மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்றேன். "காட்டு வேலையை யார் பாக்கறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நண்பர்களே, 'திட்டமிட்ட' அறுவை என்றால் 'தேவையில்லாத' அறுவை அல்ல. நாள் பார்த்துச் செய்ய அவகாசம் உள்ளது என்றுதான் பொருள். அந்த அவகாசத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 2020-இல் நெருக்கடி உச்சத்திலிருந்த 12 வாரங்களில் உலகம் முழுக்க 2 கோடியே 84 லட்சம் அறுவைகள் தள்ளிப்போகும் அல்லது ரத்தாகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்தியாவில் மட்டும் 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இப்படி ஒரு அம்மா இருந்திருப்பார்.

இன்று நான் தேதி தள்ளிவைத்தால் மூன்று காரியம் செய்கிறேன். பெயரை ஒரு நோட்டில் எழுதுகிறேன். விடாத வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் இருந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறேன். எங்கள் மலையில் லைன் கிடைக்காவிட்டால் கிராம நர்ஸ் மூலம் சேதி அனுப்புகிறேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் டாக்டராக வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டில், தெருவில், யாருக்காவது ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிருந்தால், "அடுத்த தேதி எப்போ?" என்று அவர்களுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். கொல்லிமலையில் அன்று அதைக் கேட்க ஆளில்லை.